கொட்டச் சொன்ன தண்ணீர்

வேண்டாம் என்று தள்ளிவைத்த டம்ளரைப் பெரியப்பா ஏன் திரும்பக் கையில் வாங்கினார்? ஒரு வருஷமாக இதை எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் வரவில்லை. கேட்கலாமென்றால் அவர் இல்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. இப்போது எனக்கே நான்கு வயதில் ஒரு மகள் இருக்கிறாள்.

எங்கள் ஊர் பாகூர் பக்கத்தில் செலியமேடு. பெரியப்பா என் அப்பாவுக்கு அண்ணன். டவுனில் ஒரு மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெரியம்மா சீக்கிரமே போய்விட்டார், பிள்ளைகளும் இல்லை. அதனால் எங்கள் வீட்டிலேயே இருந்தார். வயது அறுபத்தாறு. ஆனால் அதை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. டீக்கடைக்கு வெளியூர் ஆள் யாராவது வந்துவிட்டால் போதும். "எனக்கு இன்னா வயசு இருக்கும், சொல்லு பாக்கலாம்" என்று ஆரம்பித்துவிடுவார். ஐம்பத்தைந்து என்று சொல்கிறவருக்கு ஒரு டீ. ஐம்பது என்று சொன்னால் டீயோடு வடையும் உண்டு. இது தெரிந்துபோனதால் உள்ளூர்க்காரர்களும் விளையாடுவார்கள். "நாப்பத்தெட்டுக்கு மேல ஒரு நாள் சொல்ல மாட்டன் தலைவரே, ரெண்டு வடை சொல்லு" என்பார்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். இரண்டு வடை சொல்லுவார்.

அவருடைய இளமைக்கு அவர் சொன்ன காரணம் கீரை. காலையில் எழுந்ததும் ஊறவைத்த வெந்தயம். பிறகு வாய்க்கால் ஓரத்தில் பறித்து வந்த வல்லாரையை மாடு மாதிரிப் பச்சையாகவே மெல்லுவார். திங்கட்கிழமை தூதுவளைத் துவையல், புதன்கிழமை முடக்கத்தான் தோசை, மற்ற நாளெல்லாம் முருங்கைக்கீரை. எதைச் சாப்பிட்டாலும் மேலே மிளகுத் தூள் வேண்டும். தினமும் காலையில் டிவியில் மூலிகை மருத்துவம் சொல்கிறவர் பேசப் பேச ஒரு பழைய டைரியில் எழுதிக்கொள்வார். எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டுவார். அம்மா வாணலியில் கரண்டியைப் போட்டபடி "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்பாள். நானும் தம்பியும் முடக்கத்தான் தோசை தின்றே வளர்ந்தோம். கசக்கும். அழுதால், "சாப்புடுறி, நூறு வயசு இருக்கலாம்" என்பார். நூறு வயது இருந்து என்ன செய்வது என்று அப்போது எங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை.

அந்த வருஷம் பொங்கல் கழிந்ததும் அவர் கால் வீங்கியது. முகமும் ஊதியது. "சதை போட்டிருக்குது" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தவரை அப்பா கட்டாயப்படுத்திப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். இரண்டு சிறுநீரகமும் பாதிக்கு மேல் கெட்டுவிட்டன என்று சொன்னார்களாம். பிரஷர் பல வருஷமாக இருந்திருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. மூட்டுவலிக்கு ஏதாவது மாத்திரை போடுவீர்களா என்று டாக்டர் கேட்டதற்கு, "நான் கீரைய தவுத்து வேற மருந்து தொட்டதில்ல" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து அவர் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் வலி மாத்திரை அட்டை இருந்தது. டீக்கடைக்கு விறுவிறுவென்று நடந்துபோக அவர் எத்தனை வருஷமாக அதை விழுங்கினாரோ. அம்மா அந்த அட்டையை அப்பாவிடம் காட்டினாள். அப்பா அதை வாங்கி அடுப்பில் போட்டார்.

சாப்பாட்டில்தான் பெரிய மாற்றம். கீரை கூடாது. இளநீர் கூடாது. வாழைப்பழம் கூடாது. காயை மட்டும் சாப்பிடலாம், அதுவும் பொடியாக நறுக்கி வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவைத்து, அதையும் கொட்டிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் வாயாலேயே சொல்லிக் கொடுத்தார். அம்மா எட்டாவது வரை படித்தவள். மறந்துவிடக் கூடாது என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்ததாக அப்பா சொன்னார்.

பெரியப்பா மட்டும் இடிந்துபோனார். "கீரைய நிறுத்திட்டு நான் இன்னாத்துக்குடா உயிரோட இருக்கணும்?" என்று அப்பாவைக் கேட்டார். விளையாட்டாகக் கேட்பது போலத்தான் கேட்டார்.

இரண்டு தண்ணீர் மாற்றி வெந்த சுரைக்காயும் கோவைக்காயும் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் தட்டில் கையை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருப்பார். "ஈரத்துணிய மென்னு துப்புற மாதிரி இருக்குதும்மா" என்பார். அம்மா தலைகுனிந்து நிற்பாள். "டாக்டர் சொன்னாரு மாமா. கொஞ்ச நாளைக்கு." அவர் மறுபேச்சு பேசாமல் சாப்பிடுவார். டீக்கடைக்குப் போவதும் நின்றுவிட்டது.

நான் அப்போது நான்காவது படித்தேன். எங்கள் அறிவியல் பாடத்தில் உணவு என்று ஒரு பாடம் இருந்தது. காய்கறிகளை நறுக்கிய பிறகு கழுவக் கூடாது, வேகவைத்த நீரைக் கீழே கொட்டக் கூடாது, கொட்டினால் சத்துக்கள் வீணாகும். இதை நான் எழுத்துக்கூடப் பிசகாமல் மனப்பாடம் செய்திருந்தேன். பரீட்சையில் இதற்கு முழு மதிப்பெண் வாங்கினேன். டீச்சர் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு நட்சத்திரம் போட்டார்.

வீட்டில் அம்மா பின்பக்கம் போய், ஆவி பறக்கும் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடி ஓரத்தில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா கொட்டுற? சத்து போயிடும்மா."

"டாக்டர் கொட்ட சொன்னாரு. போய் உக்காந்து படி."

"டீச்சர் கொட்டக்கூடாதுன்னாங்க."

"உங்க டீச்சரா வந்து உங்க பெரிப்பாவ பாத்துக்க போறாங்க? அடுப்புல பாலு பொங்குது, தள்ளு."

அம்மா மேல் எனக்கு ஒரே வருத்தம். நல்ல தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சக்கையைப் பெரியப்பாவுக்குப் போடுகிறாளே, அதனால்தான் அவர் மெலிகிறார் என்று முடிவுகட்டினேன். டாக்டர் சொன்னதை அம்மா தவறாகக் காதில் வாங்கியிருப்பாள். அம்மா எட்டாவதுதானே. அந்த வயதில் எனக்கு இப்படி ஒரு நினைப்பு வந்ததை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் அம்மாவிடம் போய், "இனிமே தண்ணிய நான் கொட்டுறம்மா" என்றேன். அம்மாவுக்குச் சந்தோஷம். சுடுதண்ணீர் ஜாக்கிரதை என்று சொல்லிப் பிடிதுணியையும் கையில் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை அண்ணனைப் பார்க்க வந்த அத்தையிடம், "உங்க மருமவ பெரிப்பாவுக்கு எப்படி வேல செய்யுது தெரியுமா அண்ணி" என்று சொல்லிக்கொண்டாள்.

நான் தண்ணீரைக் கொட்டவில்லை. பின்பக்கம் கொண்டுபோய் ஒரு சொம்பில் ஊற்றினேன். முருங்கை மரம் கைக்கெட்டும் உயரத்தில் கிளை விட்டிருந்தது. கொழுந்தாக ஒரு பிடி உருவிச் சூட்டோடு அதில் போட்டு மூடிவைத்தேன். பெரியப்பாவுக்குப் பிடித்தது அதுதானே. பிறகு மிளகையும் சீரகத்தையும் அம்மிக்கல்லில் நுணுக்கி, உப்புப் போட்டு, ஒரு டம்ளர் வடிகட்டினேன். வாசனை நன்றாகவே வந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால், அம்மா பால்காரருக்குப் பாத்திரம் எடுத்துப்போகும் நேரம் பார்த்து, அவர் அறைக்குப் போனேன்.

"பெரிப்பா, சத்துத் தண்ணி."

"இன்னாடி இது?"

"உன் காயி வெந்த தண்ணி. அம்மா கொட்ட சொல்லுது. சத்தெல்லாம் இதுலதான் இருக்குதாம். டீச்சர் சொன்னாங்க."

அவர் டம்ளரை முகர்ந்து பார்த்தார். அந்த இரண்டு மாதத்தில் அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"முருங்கக்கீர போட்டியா?"

"ஒரு பிடி."

"உங்க டீச்சருக்கு இருக்குற அறிவு அந்த டாக்டருக்கு இல்ல பாரு" என்று சொல்லி ஒரே மூச்சில் குடித்தார். டம்ளரின் அடியில் தங்கிய மிளகை விரலால் வழித்து நக்கினார். பிறகு கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு, "உங்கம்மாகிட்ட மூச்சு வுடாத. பாவம், பயந்துக்கும்" என்றார்.

அன்றிலிருந்து தினமும் கொடுத்தேன். ஒரு நாள்கூட விடவில்லை. நான் எதையும் பாதியில் விடுகிற பிள்ளை இல்லை. இரண்டு தண்ணீரையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லது என்று தோன்ற, அப்படியும் கொடுத்தேன். "காலு லேசா இருக்குதுடி" என்று ஒரு நாள் சொன்னார். அன்று மாலை சட்டை மாற்றிக்கொண்டு டீக்கடைக்குக்கூடப் போய்வந்தார். திரும்பி வந்து, "அறுவதுன்னு சொல்லிட்டான்டி ஒருத்தன்" என்றார். டீ வாங்கிக் கொடுக்கவில்லையாம். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனைக்குப் போனார்கள். அம்மாவும் கூடப் போனாள். திரும்பி வந்தபோது அம்மாவின் கண் சிவந்திருந்தது. அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று, "சொன்ன மாதிரி செய்யறீங்களான்னு டாக்டர் கேக்குறாரு, இன்னா பதில் சொல்றது?" என்று கத்தினார்.

"செஞ்சனே... கொட்டிட்டுத்தான செஞ்சன்."

"பின்ன ரத்தத்துல எப்படி ஏறுது? காத்துல வந்து ஏறுதா?"

பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையும் காலும் மரத்துப்போவதாகச் சில நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. ரத்தத்தில் என்னவோ சரியில்லை என்று சண்டை போடுகிறார்கள் என்றுதான் நான் புரிந்துகொண்டேன். சத்து போதவில்லை போலிருக்கிறது, இன்னும் கொஞ்சம் கீரை சேர்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

மறுநாளிலிருந்து அம்மா மூன்று முறை வேகவைத்தாள். மூன்றாவது தண்ணீரும் என்னிடமே வந்தது.

அன்று காலை டம்ளரை நீட்டியபோது பெரியப்பா வாங்கவில்லை. "இன்னிக்கு வாணாம்டி" என்று மேசைமேல் தள்ளிவைத்தார்.

"ஏன் பெரிப்பா?"

"வாணாம். வவுறு சரியில்ல."

பள்ளிக்கூடத்துக்கு நேரமாகியும் மிளகை நான்தான் நுணுக்கியிருந்தேன். விரலில் எரிச்சல். "இன்னிக்குத்தான் நெறைய கீர போட்டன்" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். வெளியே அம்மா பால்காரரோடு பேசுகிற சத்தம் கேட்டது. "சரி குடு, அழுவாத" என்று சொல்லிக் கையை நீட்டினார். மெதுவாக, ஒவ்வொரு வாயாகக் குடித்தார். குடித்துவிட்டு என் கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் குடித்தார். ஒரு நாளும் மறுக்கவில்லை. பத்தாவது நாள் பகல் பதினொரு மணிக்கு, கணக்கு வகுப்பில் இருந்த என்னை அழைத்துப் போக எதிர்வீட்டு அண்ணன் சைக்கிளில் வந்தார். காலைக் கஞ்சி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே போய்விட்டாராம். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். நான் நிறைய அழுதேன். ஆனால் எனக்குள் ஓர் ஆறுதல் இருந்தது. நல்ல சத்தாகக் கொடுத்தோம், அதனால்தான் இத்தனை நாளாவது இருந்தார் என்று.

பதினாறாம் நாள் காரியத்தில் படையல் போட்டார்கள். போனவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைப்பது எங்கள் பக்க வழக்கம். வடை, அதிரசம், பீடி என்று யார் யாரோ கொண்டுவந்து வைத்தார்கள். அம்மா கடைசியாக ஒரு கிண்ணத்தில் முருங்கைக்கீரைப் பொரியல் எடுத்துவந்து இலையின் நடுவில் வைத்தாள். அவ்வளவு நாள் அவர் கேட்டும் கொடுக்காததை இப்போதாவது கொடுக்க நினைத்திருப்பாள்.

அத்தை எழுந்து வந்தாள்.

"எடு அத."

"அண்ணி, மாமாவுக்கு—"

"கீரைய போட்டுப் போட்டுத்தான் கொன்ன. படையல்லயும் கீரையா? டாக்டர் அத்தன தடவ சொல்லியும் உனுக்கு ரெண்டு தண்ணி மாத்த கை வளையல. இன்னும் எத்தன நாளு இந்தக் கெழவனுக்கு வடிச்சிக் கொட்டறதுன்னு நெனச்சிட்ட இல்ல?"

பந்தலில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. அம்மா குனிந்து கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் அதிரசம் தின்றுகொண்டு நின்றிருந்தேன். அம்மா ஒரு நாளும் பெரியப்பாவுக்குக் கீரை போடவில்லை, அத்தை பொய் சொல்கிறாள் என்று எனக்குக் கோபம். கத்திச் சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆனால் கீரை கொடுத்தது நான் என்று சொன்னால், மூச்சு விடாதே என்று பெரியப்பா சொன்னதை மீறியது ஆகும். அதனால் அதிரசத்தை முடித்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

அத்தை அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தண்ணீர் குடித்ததில்லை. என் கல்யாணத்துக்கும் மண்டபத்துக்கு வந்து மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் போனாள்.

இதெல்லாம் வெறும் பழைய சண்டையாகவே எனக்குள் கிடந்தது. போன வருஷம்தான் அம்மாவுக்கும் சிறுநீரகம் கொஞ்சம் சரியில்லை, ரத்தத்தில் கிரியேட்டினின் கூடியிருக்கிறது என்றார்கள். அம்மாவை நான்தான் கூட்டிப் போனேன். உணவு ஆலோசனை சொல்கிற பெண் என் வயதுதான் இருப்பார். காயை ஊறவைத்து வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டச் சொன்னார். எதற்கு என்று நான் கேட்டேன். "அந்தத் தண்ணியிலதான் பொட்டாசியம் இறங்கும். கிட்னி சரியில்லாதவங்களுக்கு அது ரத்தத்துல சேர்ந்துட்டா இதயமே நின்னுடும்" என்றார். மற்றவர்களுக்கு நல்லது, இவர்களுக்கு மட்டும் ஆகாது என்றார். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா பக்கத்தில் அமைதியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு இதெல்லாம் முன்பே தெரியும்.

பிறகு ஒரு நாள் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து, வேறு யாருக்கோ நடந்தது போல எல்லாவற்றையும் கேட்டேன். அவ்வளவு கெட்டுப்போன சிறுநீரகம் என்றால் எப்படியும் ஆகியிருக்கலாம், அந்தத் தண்ணீராலும் ஆகியிருக்கலாம், இத்தனை வருஷம் கழித்து யாரால் சொல்ல முடியும் என்றார். அன்றிலிருந்து என் மகளுக்கு ஒரு கரண்டி ரசம் ஊற்றுவதற்கும் போனில் பத்து இடம் தேடிப் பார்க்கிறேன். நல்லது என்று ஒன்று சொல்கிறது, கெடுதல் என்று இன்னொன்று சொல்கிறது. எதையும் நம்பிச் சமைக்க முடியவில்லை.

ஆனால் என் கவலை அதுவல்ல, அம்மாதான். கொஞ்சம் கூடியிருப்பதற்கு ஒரு தடவை வேகவைத்துக் கொட்டினாலே போதும் என்று அந்தப் பெண் சொன்னார். அம்மா நான்கு தடவை கொட்டுகிறாள். காய் கரைந்து கூழாகிவிடுகிறது. அதையும் பாதி தின்று மீதியை வைத்துவிடுகிறாள். ஆறு மாதத்தில் ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. போதும் என்று நான் சத்தம் போட்டபோது அம்மா சொன்னாள்:

"உனுக்குத் தெரியாதுடி. உங்க பெரிப்பாவுக்கு நான் எங்கியோ ஒரு தண்ணிய கொட்டாம வுட்டிருக்கன். எந்த நாளுன்னுதான் ஞாபகம் வரல. வேணும்னு செய்யல, மறந்துதான் இருப்பன். ஆனா ஒரு உசுரு பூடுச்சே."

அம்மா மறக்கவில்லை. ஒரு நாளும் மறந்ததில்லை. எனக்கு அது தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியும்.

சொன்னால் அம்மாவின் பாரம் இறங்கும் என்று ஒரு மனது சொல்கிறது. அத்தையிடம் போய்ச் சொல்லலாம், அவளும் இன்னும் இருக்கிறாள். ஆனால் சொன்னால், தான் ஊரார் முன் கூனிக் குறுகி நின்றபோது பக்கத்தில் அதிரசம் தின்ற பிள்ளைதான் அதைச் செய்தது என்று அம்மாவுக்குத் தெரியவரும். எல்லாம் தெரிந்த பெரியப்பா அன்று வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததும் தெரியவரும். அவரை அம்மா இன்றும் கும்பிடுகிறாள். என் கணவர், "பழச கிளறாத, உங்கம்மா தாங்க மாட்டாங்க" என்கிறார். அவர் சொல்வதும் சரியாகவே படுகிறது. இரவெல்லாம் இப்படியும் அப்படியும் எடை போட்டுவிட்டு, காலையில் ஒன்றும் செய்யாமல் இருக்கிறேன்.

அடுத்த வாரம் அம்மா வில்லியனூரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து பத்து நாள் தங்கப்போகிறாள். என் அடுப்படியில் நின்று நான்கு தடவை தண்ணீரைக் கொட்டுவாள். நான் பக்கத்தில் நிற்பேன். இதைப் படிக்கிற உங்களில் வயதான அம்மாக்கள் இருப்பீர்கள். உங்கள் மகள் உங்களிடம் இப்படி ஒன்றைச் சொல்ல வந்தால், நீங்கள் கேட்க விரும்புவீர்களா, கேட்காமலே இருக்க விரும்புவீர்களா? தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.